நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேட்டை அடக்கி மீண்டும் நிலமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கழிவு மேட்டைச் சீரமைக்க முதன்முதலாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள். மண் கொட்டி, விதை தூவி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். இரண்டாம் ஆண்டு அங்கங்கே வழுக்கை விழும். மூன்றாம் ஆண்டு அடிவாரத்தில் செம்பழுப்பு நீர் ஓடும். அதற்குப் பிறகு செய்கிற எந்த வேலைக்கும் முதலில் போட்ட மண்ணையே அள்ளி எறிய வேண்டியிருக்கும்.

மேட்டுக்குள் இருப்பது நிலக்கரித் துண்டுகள், களிப்பாறை, மணற்கல், இவற்றோடு கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட். இவற்றுக்குக் காற்றும் நீரும் கிடைக்கிறவரை ஒன்று அமிலம் சுரக்கும், இல்லையென்றால் தீப்பிடிக்கும். பல மேடுகளில் இரண்டும் நடக்கும். கீழே உள்ள கட்டங்களின் வரிசை காற்றையும் நீரையும் உள்ளே விடாமல் தடுப்பதற்காக அமைந்தது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. மேட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கழிவு மேடும் ஒன்றல்ல. திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணும் பாறையும் கொட்டிய மேடு ஒரு வகை. நிலக்கரியைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆலையான வாஷரியிலிருந்து வரும் சொரசொரப்பான கழிவு இன்னொரு வகை. இதில் கரியும் பைரைட்டும் மிகுதி, தீயும் அமிலமும் அதிகம் வருவது இங்கேதான். மூன்றாவது, நுண்துகள் சேற்றுக் கழிவு. இது மேலே காய்ந்து ஓடு கட்டியிருக்கும், உள்ளே கூழாகவே இருக்கும்.

பழைய மேடுகளில் இந்த மூன்றும் கலந்திருக்கும். சேற்றுக் குட்டையின் மேலேயே பின்னாளில் கல் கழிவைக் கொட்டியிருப்பார்கள். பழைய வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் தேடி எடுங்கள். சேறு புதைந்த இடம் தெரியாமல் டோசரை ஏற்றினால், ஓடு உடைந்து வண்டியோடு ஆளும் உள்ளே போவார்.

அடிவாரத்தை முழுதாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு கசிவையும் வரைபடத்தில் குறித்து, அதன் அளவு, நிறம், பி.எச். (அமில-கார அளவு; 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் அதிகம்) மூன்றையும் எழுதுங்கள். இதை மழைக்காலத்தில் ஒரு முறை, வறட்சியில் ஒரு முறை செய்ய வேண்டும். வறட்சியிலும் நிற்காத கசிவு என்றால் மேட்டுக்கு அடியில் ஊற்று இருக்கலாம். அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கழிவில் கரி மிகுதியாக இருந்தால் மீண்டும் கழுவி எடுக்கலாம், அல்லது தரம் குறைந்த எரிபொருளை எரிக்கும் பாய்மப் படுகைக் கொதிகலனுக்கு அனுப்பலாம். மூடிய பிறகு இந்த யோசனை வந்தால் மூடியதற்கான செலவு முழுதும் வீண்.

2. மாதிரி எடுத்து அமிலக் கணக்குப் போடுங்கள்

மேல்பரப்பை மண்வெட்டியால் சுரண்டி எடுத்த மாதிரி பயன்படாது. மேலே உள்ள அடுக்கைப் பல ஆண்டு மழை கழுவியிருக்கும். அதன் சோதனை முடிவு உள்ளே இருப்பதைச் சொல்லாது. பொக்லைன் வைத்து 3 முதல் 5 மீட்டர் வரை குழி தோண்டி, அடுக்கு அடுக்காக எடுங்கள். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. வாளியில் வருவதிலிருந்தே மாதிரி எடுக்கலாம். எடுத்ததை உடனே உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் பைரைட் ஆக்சிஜனேற்றம் ஆகத் தொடங்கிவிடும்.

கணக்கு எளிது. பைரைட் கந்தகத்தின் சதவீதத்தை 31.25 ஆல் பெருக்கினால், ஒரு டன் கழிவு உண்டாக்கும் அமிலத்தை அடக்க எத்தனை கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும் என்று கிடைக்கும். கழிவு தானாகவே அடக்கும் திறனை அதிலிருந்து கழியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: பைரைட் கந்தகம் 1.2 சதவீதம். 1.2 × 31.25 = 37.5 கிலோ. கழிவின் சொந்த அடக்கும் திறன் 8 கிலோ. பற்றாக்குறை டன்னுக்கு 29.5 கிலோ. ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழம் என்பது 1,500 கன மீட்டர்; அடர்த்தி 1.5 என்றால் 2,250 டன். ஆக, ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 66 டன் தூய கால்சியம் கார்பனேட் வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் தூளின் வீரியம் 85 சதவீதம்தான் என்றால் 78 டன். கலவை எங்கும் ஒரே சீராக அமையாது என்பதால் இதற்கு மேலும் சேர்ப்பது வழக்கம்.

பற்றாக்குறை டன்னுக்கு 20 கிலோவைத் தாண்டினால் அந்தக் கழிவு அமிலம் சுரக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாறாக, அடக்கும் திறன் 20 கிலோ மிகுதியாக இருந்தால் கவலை குறைவு. இடையில் விழுவதை ஈரப்படுத்திக் காயவிடும் நீண்ட காலச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, மொத்தக் கந்தகத்தை வைத்துக் கணக்குப் போடுவது. நிலக்கரியோடு பிணைந்த கரிமக் கந்தகம் அமிலம் தருவது மிகக் குறைவு. அதையும் சேர்த்தால் சுண்ணாம்பைக் கூடுதலாக வாங்குவீர்கள். இரண்டாவது இதற்கு நேரெதிர்: பழைய கழிவில் ஏற்கெனவே சுரந்த அமிலம் உப்புகளாகத் தங்கியிருக்கும். பைரைட் குறைவு என்று நம்பி அதை விட்டால் சுண்ணாம்பு போதாது. நீரில் குழைத்த கழிவின் பி.எச். 4க்குக் கீழே இருந்தால் அந்தத் தங்கிய அமிலத்தைத் தனியாக அளந்து கூட்டுங்கள். மூன்றாவது, சிடரைட் எனும் இரும்புக் கார்பனேட். சாதாரணச் சோதனையில் இது அமிலத்தை அடக்குவதுபோல் காட்டும்; பிறகு அதன் இரும்பு ஆக்சிஜனேற்றமாகி, அடக்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துத் திருத்திய முறையில் சோதிக்கும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள்.

3. வண்டி வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மூடுவதற்கான களிமண்ணும் செடி வேர்பிடிக்க மண்ணும் எங்கிருந்து வரும் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் கனத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு 10,000 கன மீட்டர் மண் வேண்டும். பாதி மேடு திறந்து கிடக்கும்போது மண் தீர்ந்துபோவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடப்பது.

சரிவைத் தட்டையாக்க அடிவாரத்தில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள் (கணக்கு 6ஆம் கட்டத்தில்). அங்கே மேல்மண் இருந்தால் முன்கூட்டியே வழித்து எடுத்து, தாழ்ந்த குவியலாக வையுங்கள். உயரக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணுயிர்கள் சாகும்.

சுண்ணாம்புக்கல் தூள் நைசாக இருக்க வேண்டும், 0.25 மி.மீ. சல்லடையில் பெரும்பகுதி இறங்குகிற அளவுக்கு. ஜல்லியாக வந்தால் திருப்பி அனுப்புங்கள். கல்லின் மேல் இரும்புத் துரு படிந்து கவசமாகிவிடும், உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வேலையே செய்யாது.

ஆட்களுக்கு: ஒவ்வொரு குழுவுக்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேண்டும். மேட்டில் யாரும் தனியாக நடக்கக் கூடாது.

4. நீரைத் திருப்புங்கள்

மண் வேலை தொடங்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். மேட்டுக்கு மேல்புறத்திலிருந்து ஓடிவரும் சுத்தமான நீர் மேட்டைத் தொடவே கூடாது. மேல் விளிம்பைச் சுற்றி, குலைக்கப்படாத இயற்கை நிலத்தில் திருப்பு வாய்க்கால் வெட்டுங்கள். கழிவின் மீது வெட்டிய வாய்க்கால் விரிசல் விட்டு, நீரை நேராக மேட்டின் வயிற்றுக்குள் இறக்கிவிடும்.

கழிவின் உள்ளே நீர்மட்டம் ஏறினால் துகள்களுக்கு இடையே உள்ள பிடிமானம் குறையும். அப்போது மேடு சரியாது, குழம்பாகி ஓடும். 1966இல் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபானில் நடந்தது இதுதான். ஊற்றின் மேல் கொட்டிய கழிவு மேடு பள்ளிக்கூடத்தின் மீது பாய்ந்து 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

அடியில் ஊற்று இருந்தால் அதை அடைக்காதீர்கள். அடைத்த ஊற்று வேறு இடத்தில் அழுத்தத்தோடு வெளிவரும். கெட்டியான மணற்கல் பாறைகளால் வடிகால் அமைத்து வெளியே கொண்டுவாருங்கள். களிப்பாறை சில ஆண்டில் நொறுங்கிச் சேறாகி வடிகாலை அடைத்துவிடும். சுண்ணாம்புக்கல்லும் இங்கே வேண்டாம், அமில நீரில் துரு கட்டி வழியை மூடும்.

அடிவாரத்தில் ஒரு வடிகால், அது போய்ச் சேர ஒரு வண்டல் குட்டை. மேட்டின் உள்ளே நீர்மட்டம் பார்க்கத் துளையிட்ட குழாய்களையும் இப்போதே இறக்கிவிடுங்கள். வேலைக்கு முந்தைய அளவு இல்லாவிட்டால் பிந்தைய அளவால் பயன் இல்லை.

5. தீயைத் தேடி அணையுங்கள்

உள்ளே எரிகிற மேட்டை மூடுவது அடுப்பின் மேல் மண் கொட்டுவதற்குச் சமம். எங்காவது ஒரு விரிசல் வழியாகக் காற்று போகும், வெடிப்பு பெரிதாகும், மூடல் உள்ளே அமுங்கும்.

தேட நல்ல நேரம் விடியற்காலை. குளிர்ந்த காற்றில் மெல்லிய ஆவி தெரியும். தார் போன்ற வாடை, துளைகளின் வாயில் மஞ்சள் கந்தகப் படிவு, மற்ற இடமெல்லாம் ஈரமாக இருக்க ஒரு திட்டு மட்டும் காய்ந்து கிடப்பது, ஒரே வரிசையில் கருகிய செடிகள்: இவை அடையாளங்கள். டிரோனில் வெப்பப் படம் எடுப்பது உதவும். ஆனால் அது மேல்தோலை மட்டுமே பார்க்கும். கூர்முனை இரும்புக் குழாய்களை 2, 3 மீட்டர் ஆழத்துக்கு அடித்து, உள்ளே வெப்பமானியை இறக்கி வாரம் ஒரு முறை அளவெடுங்கள். ஒரு தடவை எடுத்த அளவை விட ஏறுமுகமா இறங்குமுகமா என்பது முக்கியம். 60, 70 பாகை செல்சியசைத் தாண்டினால் வினை தன் வெப்பத்தாலேயே வேகமெடுக்கும்.

காற்று எங்கே நுழைகிறது தெரியுமா? டிப்பர் லாரி உச்சியிலிருந்து கழிவைக் கவிழ்க்கும்போது பெரிய கற்கள் உருண்டு அடிவாரம் போகும், பொடி மேலேயே தங்கும். அடிவாரத்தில் கற்களுக்கு இடையே காற்று நுழைந்து, சூடாகி, புகைபோக்கியில் போவதுபோல் மேலேறும். ஆகவே வெறும் சூடு மட்டும் உள்ள, இன்னும் எரியாத இடங்களுக்கு, அடிவாரத்தைக் களிமண்ணால் இறுக்கி அடைப்பதே பல நேரம் போதும்.

எரிகிற பகுதியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். முதலில் அதைச் சுற்றிக் கரி இல்லாத மண்வரை அகழி வெட்டி, எரியாத மண்ணால் நிரப்பித் தனிமைப்படுத்துங்கள். பிறகு புகை உங்கள் மீது வராதபடி காற்று வரும் பக்கம் நின்று, மேலிருந்து கீழாகச் சிறு சிறு பகுதியாக அள்ளுங்கள். அடியில் குடைந்தால் சரிந்து விழும். அள்ளியதை 30 செ.மீ. கனத்துக்குப் பரப்பி ஆறவிடுங்கள்; அந்த நிலையில் நீர் தெளிக்கலாம். இரண்டு நாள் தொடர்ந்து வெப்பம் ஏறாவிட்டால், எரியாத மண்ணோடு கலந்து, அடுக்கடுக்காக இறுக்கித் திருப்பி வையுங்கள்.

எரியும் மேட்டுக்குள் குழாயை விட்டு நீர் பாய்ச்சாதீர்கள். இந்தப் பிழைக்கு உயிரே விலையாகப் போகும். செந்தணலைத் தொடும் நீராவி ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக மாறும். இரண்டும் வெடிக்கக்கூடியவை, ஒன்று நஞ்சும்கூட. வெடிக்காவிட்டாலும் நீர் துகள்களைக் கழுவிக் காற்றுக்குப் புது வழி திறந்துவிடும்.

எரிந்து முடிந்த இடத்தில் உள்ளே பொந்து இருக்கும். செங்கல் நிறமாகச் சிவந்த கல் தெரிகிற இடத்தில் பொக்லைன் கையை நீட்டித் தட்டிப் பார்க்காமல் வண்டியை ஏற்றாதீர்கள்.

6. சரிவைத் தட்டையாக்கி அடுக்கடுக்காக இறுக்குங்கள்

கொட்டிய கழிவு தானாக நிற்கும் சரிவு, கிட்டத்தட்ட 1.5 மீட்டர் கிடைக்கு 1 மீட்டர் உயரம், அதாவது 34 பாகை. இதில் மண்ணும் தங்காது, விதையும் தங்காது. 3க்கு 1 சரிவு வேண்டும். அப்போதுதான் டிராக்டர் குறுக்கே ஓடும், மூடல் மண் வழுக்காது. இடமே இல்லாவிட்டால் 2க்கு 1 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

30 மீட்டர் உயர மேட்டை எடுத்துக்கொள்வோம். வெட்டும் நிரப்பலும் சமமாக இருக்க, நடு உயரத்தை அச்சாக வைத்துச் சரிவைத் திருப்புகிறோம். மேல் விளிம்பு 22.5 மீட்டர் உள்ளே போகும், அடிவாரம் 22.5 மீட்டர் வெளியே வரும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 170 கன மீட்டர் கழிவை நகர்த்த வேண்டும். அடிவாரத்திலிருந்து 15 மீட்டரில் ஓடை இருந்தால் இந்த வழி நடக்காது. உச்சியிலிருந்து லாரியில் அள்ளி வேறிடம் கொண்டுபோக வேண்டும், செலவும் அதற்கேற்ப மாறும். இந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன் போடாதவர்கள் பாதி வழியில் ஓடைக்கரையில் நிற்பார்கள்.

நகர்த்திய கழிவை டோசரால் தள்ளிவிட்டு நகராதீர்கள். 30 முதல் 60 செ.மீ. அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் ஓட்டி இறுக்குங்கள். அமெரிக்கச் சுரங்க விதிகள் அடுக்குக்கு 2 அடியைத் தாண்டவே விடுவதில்லை. அதைவிடக் கனமான அடுக்கின் அடிப்பகுதிக்கு ரோலரின் அழுத்தம் போய்ச் சேராது, அங்கே காற்று தங்கும்.

10 முதல் 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு படி விடுங்கள். படியின் தளம் மேட்டின் உட்புறமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். வெளிப்புறம் சாய்ந்தால் நீர் விளிம்பைத் தாண்டி ஒரே மழையில் ஓடை வெட்டிவிடும். நீளவாக்கில் 1 முதல் 2 சதவீதச் சாய்வு. படி நீரெல்லாம் கல் பாவிய ஓர் இறக்கு வாய்க்காலில் சேர வேண்டும். மேட்டின் நிலைப்பைக் கணக்கிடும் பொறியாளரிடம் பாதுகாப்புக் குணகம் (சரியாமல் தாங்கும் வலிமை, சரியவைக்கும் விசையைப் போல எத்தனை மடங்கு என்பது) 1.5க்குக் குறையாமல் கேளுங்கள்.

7. சுண்ணாம்பு கலந்து மூடுங்கள்

2ஆம் கட்டக் கணக்கின்படி தூளைப் பரப்பி, கலப்பையால் 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். மேலே தூவி விட்டுவிட்டால் முதல் மழையில் போய்விடும். இந்தச் சுண்ணாம்பு முழு மேட்டையும் சரிசெய்யாது. மூடலுக்குக் கீழே உள்ள அடுக்கு வேரைச் சுடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதன் மேல் களிமண், 45 முதல் 60 செ.மீ. 15, 20 செ.மீ. அடுக்குகளாக, கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கும் ஈரத்தில் இறுக்குங்கள். காய்ந்த களிமண்ணை எத்தனை முறை உருட்டினாலும் கட்டிகளுக்கு இடையே வழி இருக்கும். இறுக்கிய களிமண்ணை வெயிலில் காயவிடாதீர்கள், வெடித்துவிடும். அன்றன்றைக்கு முடித்த பகுதியை அன்றே மூடுங்கள்.

வறண்ட தட்பவெப்பத்தில் களிமண்ணுக்கு அடியில் 30 செ.மீ. அமிலமற்ற ஜல்லி அடுக்கு ஒன்று போடுவது நல்லது. கோடையில் உப்பும் அமிலமும் நுண்துளை வழியாக மேலேறுவதை அது அறுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே வேர் மண், 1 முதல் 1.2 மீட்டர். இதுவரை இறுக்கு இறுக்கு என்று சொன்னது இங்கே தலைகீழாகிறது. இந்த மண்ணை இறுக்கவே கூடாது. லாரி லாரியாகக் குவித்து, இலகுவான டோசரால் ஒரே ஒரு முறை தட்டினால் போதும். பழகிய ஓட்டுநர் இதைக் கிரிக்கெட் பிட்ச் மாதிரி மழமழவென்று ஆக்கிக் கொடுப்பார், மேற்பார்வையாளரும் பாராட்டுவார், செடி வேர் இறங்காமல் சாகும். மேடுபள்ளமாக விடுங்கள், பள்ளத்தில் நீரும் விதையும் தங்கும். ஏற்கெனவே இறுகிவிட்டிருந்தால் சமமட்டக் கோட்டை ஒட்டி 45 செ.மீ. ஆழத்துக்கு உழுங்கள், களிமண் அடுக்கைக் கிழிக்காமல்.

8. செடி

மழை பிடிப்பதற்குச் சில நாள் முன்பு விதையுங்கள். மேலே வைக்கோல் மூடாக்கு, ஹெக்டேருக்கு 4 முதல் 5 டன். கருங்கழிவு வெளியே தெரியும் இடங்களில் வெயில் நேரத்தில் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டும். முளை தண்டோடு வெந்துவிடும். அதனால்தான் மூடாக்கு.

இந்த மண்ணில் தழைச்சத்து கிட்டத்தட்ட இருக்காது, மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். மக்கிய உரமும், ரைசோபியம் (பயறு வேரில் தங்கிக் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) நேர்த்தி செய்த பயறுவகை விதையும் முதல் ஆண்டுக்குத் துணை. பி.எச். 5க்குக் கீழே ரைசோபியம் நிலைக்காது என்பதால் அதை முதலில் சரிபாருங்கள்.

புல்லைக் கொஞ்சமாகத் தூவுங்கள். அடர்ந்த புல் படம்பிடிக்க அழகு, மரக்கன்றைக் கழுத்தை நெரிக்கும். ஓடை வெட்டும் இடங்களில் வெட்டிவேரைக் குறுக்கு வரிசையாக நடலாம். அதன் வேர் நேராக ஆழம் போகும் என்பதால் வேர் மண் கனமாக உள்ள இடத்தில் மட்டும்.

9. கசிகிற நீர்

எவ்வளவு நன்றாக மூடினாலும் சில ஆண்டுகள் கசிவு இருக்கும். கசிவின் வாயில் பி.எச். 6 என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கரைந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகி, அமிலத்தை வெளிவிடும். நூறு மீட்டர் கீழே அதே நீர் 3க்கு இறங்கியிருக்கும். பி.எச். மட்டும் போதாது, மொத்த அமிலத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, அலுமினியம், கரைந்த ஆக்சிஜன் ஐந்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

காரத்தன்மை மிகுந்த நீர் என்றால் ஆழம் குறைந்த நாணல் குட்டை போதும். வினாடிக்கு 1 லிட்டர், இரும்பு லிட்டருக்கு 40 மி.கிராம்: ஒரு நாளைக்கு 3,456 கிராம் இரும்பு. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 கிராம் படியும் என்று வைத்தால் சுமார் 350 சதுர மீட்டர் குட்டை வேண்டும்.

அமிலத்தன்மை மிகுதி என்றால் முதலில் காரத்தைச் சேர்க்க வேண்டும். காற்றுப்புகாமல் புதைத்த சுண்ணாம்புக்கல் வடிகால் மலிவானது. ஆனால் நீரில் ஆக்சிஜன், அலுமினியம், ஏற்கெனவே துருவாகும் நிலையில் உள்ள இரும்பு மூன்றும் லிட்டருக்கு 1 மி.கிராமுக்குக் கீழே இருந்தால்தான் அது உழைக்கும். இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டில் அடைத்துக்கொள்ளும். அப்போது மக்குரப் படுகைக்கு அடியில் சுண்ணாம்புக்கல் வைத்து, நீரை மேலிருந்து கீழாக வடிய விடும் அமைப்பு தேவை.

10. விட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் நடந்து பாருங்கள். 15 செ.மீ. ஆழ ஓடையை அன்றே மண்வெட்டியால் சரிசெய்யலாம், அடுத்த பருவத்தில் அதற்கே பொக்லைன் வேண்டும். படிகளில் நீளவாக்கு விரிசல், அடிவாரம் வீங்குவது, சரிவின் நடுவில் புதிதாக ஈரத் திட்டு: இவற்றில் எது தெரிந்தாலும் ஆட்களைக் கீழிருந்து விலக்கிவிட்டு, குழாய்களில் நீர்மட்டம் பாருங்கள். முதல் மூன்று ஆண்டுகள் ஆடுமாடுகளை விடாதீர்கள். அமெரிக்கச் சட்டம் விதைத்த பிறகு மழை மிகுந்த பகுதிக்கு 5 ஆண்டும் வறண்ட பகுதிக்கு 10 ஆண்டும் பொறுப்பை நீட்டிக்கிறது. அது நியாயமான அளவுதான்.

வழுக்கை விழுந்த இடத்தில் உடனே விதையை மறுபடி தூவாதீர்கள். ஒரு முழம் தோண்டுங்கள். பி.எச். 4க்குக் கீழே என்றால் அமிலம் மேலே வந்திருக்கிறது. மூடல் எங்கோ கிழிந்திருக்கிறது, அதைத் தேட வேண்டும். பி.எச். சரியாக இருந்து கடப்பாரை இறங்காவிட்டால் மண் இறுகியிருக்கிறது, உழுதால் போதும். தோண்டிய மண் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் விதைப் பையைக் கீழே வைத்துவிட்டு 5ஆம் கட்டத்துக்குத் திரும்புங்கள்.